தட்டினால் விட வேண்டும்

கலைச்செல்வன் விழுந்த விதம்தான் சந்திரமோகனுக்குப் பிடிக்கவில்லை.

ஜூடோவில் முதல் ஒரு மாதம் யாருக்கும் தூக்கிப் போடச் சொல்லித்தருவதில்லை. விழத்தான் சொல்லித்தருவார்கள். புதிதாக வருகிறவன் விழும்போது முழங்கையை ஊன்றுவான், மூச்சைப் பிடித்துக்கொள்வான், பின்மண்டையை மெத்தையில் இடித்துக்கொண்டு கண் கலங்கி எழுந்திருப்பான். இருபத்திரண்டு வருஷத்தில் இதற்கு விலக்காக ஒருவனையும் சந்திரமோகன் பார்த்ததில்லை. தவளக்குப்பம் சந்திப்பில், மாட்டுத்தீவனக் கடை மாடியில் இருக்கிற அவருடைய கிளப்புக்கு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வந்து நின்ற கலைச்செல்வன், "இதுக்கு முன்னாடி எங்கயும் கத்துக்கிட்டதில்ல சார்" என்றான். சொல்லிவிட்டு, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, உள்ளங்கையால் மெத்தையை ஓங்கி அறைந்து அழகாக விழுந்தான். பல்லாயிரம் தடவை விழுந்து எழுந்தவனால்தான் அப்படி விழ முடியும்.

"நல்லா விழறியே?" என்றார் சந்திரமோகன்.

"யூடியூப்ல பார்த்தேன் சார்."

யூடியூப்பில் பார்த்தானாம்! சந்திரமோகன் தலையை ஆட்டிவைத்தாரே தவிர, நம்பவில்லை. முப்பத்தைந்து வயது ஆள், வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து, தெரிந்ததைத் தெரியாது என்கிறான். காதை மூடுகிற அளவுக்கு முடி வளர்த்திருக்கிறான். வியர்வையைத் துடைக்க அவன் முடியை ஒதுக்கியபோது இடது காதைப் பார்த்தார். மடல் வீங்கி, மடிந்து, கெட்டியாகிப் போயிருந்தது. வருஷக்கணக்கில் தரையில் கட்டிப் புரண்டு பழகினவனுக்குத்தான் காது அப்படி ஆகும். கேட்டதற்கு, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது என்றான். சைக்கிளிலிருந்து காதை ஊன்றி விழுந்தவனைச் சந்திரமோகன் அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தார்.

சந்தேகம் அவருக்கு இன்று நேற்று வந்ததல்ல. நோணாங்குப்பம் படகுத் துறையில் எஞ்சின் மெக்கானிக் வேலை. ஸ்பேனரை இரவல் கொடுத்தால், வாங்கினவன் பின்னாலேயே போய் நிற்பார். டீசல் கேனை மோந்து பார்க்காமல் எஞ்சினில் ஊற்ற மாட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில், பாக்யலட்சுமி இவ்வளவு உயரமாகத் தெரிகிறாளே, குதிகால் செருப்பாக இருக்குமோ என்று குனிந்து காலைப் பார்த்த மனுஷன். அந்தம்மா வெறுங்காலோடுதான் நின்றிருந்தார். "நடு ஊட்டுல யாருங்க செருப்பு போட்டுக்கினு நிப்பாங்க?" என்று இருபத்தாறு வருஷமாக அதைச் சொல்லிக்காட்டி வருகிறார்.

ஊரையே இப்படிச் சந்தேகப்பட்ட மனிதரிடம் ஒரு பெரிய பொய் இருந்தது. பாக்யலட்சுமிக்கு மட்டும்தான் அது தெரியும்.

சந்திரமோகனின் அப்பா கடலுக்குப் போனவர். மகனும் வலை இழுக்க வருவான் என்று நினைத்தார். மகன் பதினெட்டு வயதில் அரியாங்குப்பத்தில் ஆதிமூலம் என்கிற சொல்தாவின் கொட்டகைக்குப் போய்விட்டான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். இந்தச் சொல்தா பட்டாளத்தில் ஜூடோ பழகியவர். பயிற்சி தொடங்கும்போதும் முடியும்போதும் எல்லோரும் குனிந்து வணங்குவதற்கு "சலூ!" என்று பிரெஞ்சில் கத்துவார். அதே சத்தம்தான் இன்றைக்கும் தவளக்குப்பம் மாடியில் கேட்கிறது. பிள்ளைகள் அதை ஜப்பான் மொழி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்திரமோகன் அந்தக் கொட்டகையில் பழுப்பு பெல்ட் வரைக்கும் வந்தார். அடுத்தது கறுப்பு. அதற்குப் பரீட்சை ஏற்பாடாவதற்குள் சொல்தா, மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிரான்சுக்குப் போனார். மெத்தைகளையும் தன் கறுப்பு பெல்ட்டையும் சந்திரமோகனிடம் விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. மகளிடமிருந்து சாவுச் செய்திதான் வந்தது.

பிறகு சந்திரமோகன் தனியாகக் கிளப் தொடங்கினார். தொடக்க நாளில் போட்டோ எடுக்கப் பேப்பர்காரர் வந்தார். மாஸ்டர் இடுப்பில் கறுப்பு பெல்ட் இருந்தால் நன்றாயிருக்குமே என்று யாரோ சொன்னார்கள். ஒரு போட்டோவுக்குத்தானே என்று சொல்தாவின் பெல்ட்டை எடுத்துக் கட்டினார். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. ஊரே பார்த்த பிறகு எப்படி அவிழ்ப்பது? பெல்ட்டின் நுனியில் மஞ்சள் நூலால் தைத்திருந்த சொல்தாவின் பெயரைப் பாக்யலட்சுமிதான் ஊசி வைத்து, தையல் தையலாகப் பிரித்தெடுத்தார். ஊசித் துளைகள் மட்டும் அப்படியே இருந்தன. மெத்தையில் கட்டிப் புரளுகிறவர்களுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமிருக்காது என்பதுதான் சந்திரமோகனுக்கு இருந்த ஒரே தைரியம்.

இப்படி இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் ஜூடோ சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிளப் நடத்துகிறவர்கள் எல்லோரும் தங்கள் கறுப்பு பெல்ட் சான்றிதழின் நகலை அனுப்ப வேண்டும். அனுப்பாத கிளப்பிலிருந்து யாரும் போட்டிக்கு வர முடியாது. சந்திரமோகன் கடிதத்தை மடித்து, சமையலறை அலமாரியில் விரித்திருந்த பழைய பேப்பருக்கு அடியில் செருகிவிட்டார். அதற்கு மூன்றாவது வாரம் கலைச்செல்வன் வந்து விழுந்தான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சங்கம் ஆள் அனுப்பியிருக்கிறது. சந்திரமோகனைப் பொறுத்தவரை விஷயம் அன்றைக்கே முடிந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிப்பதுதான் பாக்கி. பிடிக்காவிட்டால் கிளப் போய்விடும், ஊரில் அவருக்கு இருக்கிற மரியாதையும் அதோடு போய்விடும்.

பயிற்சி நேரத்தில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடியது. தரைச் சண்டையில் கலைச்செல்வன் யாரையும் பூட்டவே மாட்டான்.

பூட்டு என்றால், எதிராளியின் கழுத்தையோ கையையோ அசைய முடியாமல் பிடித்து இறுக்குவது. மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ இரண்டு தடவை தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தட்டினால் விட வேண்டும். அந்த நொடியே விட வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சந்திரமோகன் முதலில் சொல்வது இதைத்தான், சொல்லும்போது குரல் கறாராகிவிடும். அந்த ஒரு சட்டம் இருக்கிற நம்பிக்கையில்தான், ஜவுளிக்கடையில் பில் போடுகிற துர்கா எண்பது கிலோ ஆளிடம் பயமில்லாமல் கழுத்தைக் கொடுக்கிறாள். துர்காவுக்கு இருபத்துநாலு வயது. மீன் வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண். ஒன்பது வருஷமாக வருகிறாள், கிளப்பில் சந்திரமோகனுக்கு அடுத்தபடி அவள்தான்.

அவளைத் தனியே கூப்பிட்டு, "அந்தக் கலைச்செல்வன் எப்படி?" என்று கேட்டார்.

"நல்லவரு சார். அபிக்கு விழ வரலல்ல? அவருதான் ஓரமா கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் குடுத்தாரு. இப்ப சூப்பரா விழுறான்."

அபி கல்லூரியில் படிக்கிற பையன், சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஓகோ, பாடம் வேறு நடத்துகிறானா என்று சந்திரமோகன் பல்லைக் கடித்தார். அபியே ஒருநாள் விளையாட்டாகக் கழுத்தை நீட்டிக் கொடுத்தபோதும், கலைச்செல்வன் கையை எடுத்துக்கொண்டதை அவர் பார்த்திருந்தார். வேவு பார்க்க வந்தவன் எதற்கு வேர்வை சிந்தப் போகிறான்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனார். கலைச்செல்வன் வில்லியனூர் சாலையில் போய் மூலக்குளத்தில் ஒரு தெருவுக்குள் திரும்பினான். ஒரு பச்சை கேட் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினான். கையில் ஆப்பிள் பை இருந்தது. உள்ளே போகவில்லை. அரை மணி நேரம் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றான். பிறகு பையை கேட்டில் மாட்டிவிட்டு, மணியைக்கூட அடிக்காமல் போய்விட்டான். சந்திரமோகன் தெருமுனை டீக்கடையில், அது யார் வீடு என்று விசாரித்தார்.

"ராமலிங்கம் சார் வீடு. சர்க்கார் ஆபீசுல வேலை."

"எந்த ஆபீசு?"

"அதெல்லாம் தெரியாதுங்க. சர்க்கார் ஆபீசு."

சந்திரமோகனுக்கு அது போதும். விளையாட்டுத் துறை அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும். காரியம் முடிக்க ஆப்பிள். வீட்டுக்கு வந்து பாக்யலட்சுமியிடம் மூச்சு விடாமல் சொன்னார். அந்தம்மா வாளை மீனைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, ஊருல இருக்கிறவன்லாம் உங்க பெல்ட்டப் பாக்கத்தான் பொறந்தானுங்களா? அந்த ஆளையே கூப்ட்டு நேரா கேளுங்களேன்."

"கேட்டா உண்மையச் சொல்லுவானா?"

"நீங்க சொல்லுவீங்களா?"

அதற்குமேல் சந்திரமோகன் அங்கே நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சந்திரமோகன் நடுவில் வந்து உட்கார்ந்து, "கலை, இங்க வா. இன்னிக்கி நம்ம ரெண்டு பேரும்" என்றார். அவர் போட்டு வைத்திருந்த திட்டம் இதுதான்: கழுத்தைப் பூட்டி இறுக்கினால், எப்பேர்ப்பட்டவனும் நடிப்பை விட்டுவிட்டு, தான் கற்றதைக் கொண்டு தப்பிக்கப் பார்ப்பான். உடம்பு பொய் சொல்லாது. அவன் தப்பித்த உடனே, எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாம்.

இரண்டு நிமிஷத்தில் அவன் முதுகுப் பக்கம் போய்விட்டார். வலது கையை மோவாய்க்குக் கீழே நுழைத்து, இடது கையால் பூட்டி, இறுக்கினார். கலைச்செல்வன் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் முழங்கையில் இரண்டு தடவை தட்டினான்.

நடிக்கிறான் என்று நினைத்தார் சந்திரமோகன். இவ்வளவு சீக்கிரமா தட்டுவான் இவன்? இந்தக் காதை வைத்துக்கொண்டா?

மறுபடி தட்டினான். மூன்று தடவை, நான்கு தடவை. அவர் அவன் காதருகே, "காட்டு. நீ யாருன்னு காட்டு" என்று முனகிக்கொண்டே இன்னும் இறுக்கினார்.

"சார், தட்டிட்டாரு!" துர்காவின் குரல். "சார்! தட்டிட்டாரு, விடுங்க!"

கலைச்செல்வனின் கை தட்டுவதை நிறுத்தி, மெத்தையில் விழுந்தது. அதற்குள் துர்கா பாய்ந்து வந்து, சந்திரமோகனின் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். ஒன்பது வருஷம் அவர் சொல்லிக்கொடுத்த பிடி. சந்திரமோகன் மல்லாக்க விழுந்தார்.

துர்கா கலைச்செல்வனின் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அபி தண்ணீருக்கு ஓடினான். பத்து நொடி இருக்கும். பஸ்ஸில் தூங்கிப்போய் எந்த ஸ்டாப் என்று தெரியாமல் விழிக்கிறவன் மாதிரி கலைச்செல்வன் கண்ணைத் திறந்தான். அந்தப் பத்து நொடியும் சந்திரமோகனுக்கு உயிர் உயிராக இல்லை. செத்துப்போயிருந்தால்? அந்த நேரத்திலாவது, மன்னிச்சிடுப்பா என்று அவர் சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்தது வேறு.

"யார்ரா அனுப்பினது உன்ன? பெல்ட்டப் பாக்கத்தான வந்த?"

கலைச்செல்வன் கழுத்தைத் தடவிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான்.

"எந்த பெல்ட்டு சார்?"

பன்னிரண்டு பேரின் கண்களும் சந்திரமோகனின் இடுப்புக்குப் போயின. யாரும் கேட்காத கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

கலைச்செல்வன் தண்ணீர் குடித்து முடித்தான். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினான். மூலக்குளத்தில் அவன் ஜியூ ஜிட்சு என்கிற தரைச் சண்டைக்குக் கிளப் நடத்தியவன். கறுப்பு பெல்ட். ராமலிங்கம் என்பவருடைய மகன், இருபத்திரண்டு வயது, அவனிடம் பழகினான். அந்தப் பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம். மாட்டிக்கொண்டால் தட்டுவான், விட்ட உடனே திரும்பிப் பாய்ந்து பிடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

"ஒருநாள் கைய பூட்டியிருந்தேன் சார். தட்டினான். மறுபடி ஏமாத்தறான்னு நெனச்சேன். ஒரு செகண்டுதான். முட்டிக்கை ஒடையற சத்தம் கேட்டுது. ரெண்டு ஆபரேசன் ஆச்சு, இன்னும் அவனுக்குச் சோத்துக் கை வாய்க்கு எட்டல."

கீழே கடையில் யாரோ தவிட்டு மூட்டையை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கிளப்ப மூடிட்டேன். ஆனா இத விட்டுட்டும் இருக்க முடியல. தட்டினா விடற ஒரு எடத்துக்குப் போயி, நான் தட்ற ஆளா இருந்துக்கறேன்னுதான் இங்க வந்தேன். சொல்லியிருந்தா நீங்க சேத்துக்க மாட்டீங்க, அதான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க சார்."

அவன் மன்னிப்புக் கேட்டான். சந்திரமோகன் பெல்ட்டின் நுனியை மடக்கி உள்ளே செருகிக்கொண்டார். கலைச்செல்வன் மெத்தையின் ஓரத்தில் நின்று குனிந்து வணங்கிவிட்டுப் படி இறங்கிப் போனான். அன்று "சலூ" சொல்லாமலேயே வகுப்பு கலைந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் சந்திரமோகன் அவன் வீட்டைத் தேடிப் போனார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார், என்ன வாங்குவது என்று தெரியவில்லை. கலைச்செல்வன் உட்காரச் சொல்லி டீ கொடுத்தான். கழுத்தில் சிவந்த தடம் இருந்தது.

"திரும்ப வாப்பா" என்றார் சந்திரமோகன். "தப்பு என் மேலதான்."

"கோவம் இல்ல சார். உங்களுக்கு என்ன தோணியிருக்கும்னு எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?" டம்ளரைக் கீழே வைத்தான். "ஆனா வர மாட்டேன். கழுத்தக் குடுக்கப் பயமா இருக்கு."

அன்று சாயங்காலம் சந்திரமோகன் பரணிலிருந்து பழைய பழுப்பு பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். இடுப்பு பெருத்துப்போனதால் முடிச்சுப் போட்டது போக இரண்டு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. எல்லோரையும் உட்கார வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்தாவைச் சொன்னார், பேப்பர் போட்டோவைச் சொன்னார், சங்கத்துக் கடிதத்தைச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக நினைத்து நினைத்து நடுங்கிய பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது ஒவ்வொருவராக எழுந்து போவார்கள் என்று நினைத்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"அதுக்கின்னா சார் இப்ப?" என்றான் அபி. "எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான? பரீச்ச எழுதிடுங்க சார். உங்க கூட விழறதுக்கு ஆளு வேணும்ல, நான் வர்றேன்."

இன்னொருவன், இந்த வருஷம் பக்கத்து கிளப் பெயரில் போட்டிக்குப் போய்க்கொள்ளலாம் என்றான். சிரித்துக்கொண்டுகூடச் சொன்னான். இவ்வளவுதானா என்று சந்திரமோகனுக்கு நம்பவே முடியவில்லை. நன்றி சொல்லலாம் என்று துர்கா பக்கம் திரும்பினார். அவள் சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரி, பாடத்தப் பாப்போம்" என்றார். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "நேத்து விட்டதுலருந்து. பின்னால வந்து கழுத்தப் பூட்டறது, அதுலருந்து தப்பிக்கறது. துர்கா, வாம்மா."

எதைச் செய்து காட்டுவதானாலும் அவர் துர்காவைத்தான் கூப்பிடுவார். அவள் எழுந்து வந்தாள். மரியாதையாகக் குனிந்து வணங்கினாள். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். சந்திரமோகன் முழங்காலிட்டு, மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி, வலது கையை மெதுவாக அவள் தோளுக்கு மேல் கொண்டுவந்தார்.

"கைய இப்படி மோவாய்க்குக் கீழ..."

அவருடைய சட்டைக் கை அவள் கழுத்தில் பட்டதுதான் தாமதம். துர்கா மெத்தையைத் தட்டினாள். இரண்டு தடவை, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி.

சந்திரமோகன் கையை எடுத்துவிட்டார். அவர் இன்னும் பிடிக்கவே இல்லை.